காகமும் கழுகும்

ஸ்ரீ:

ஸ்ரீமத் ராமாயணத்தில் இரண்டு பறவைகள் பெருமாளின் திருவடியைப் பெற்றன. ஒன்று காகம், மற்றொன்று கழுகு. பிறவியிலும் குணத்திலும் ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாதவை இவை.

காகம் ஊரோடு ஒட்டி வாழ்வது; கிடைத்ததையெல்லாம் உண்பது; சமயம் பார்த்துப் பறித்துச் செல்லும் சாமர்த்தியம் உடையது. எருவை, பாறு என்று தமிழில் வழங்கும் கழுகோ வானத்தில் வெகு உயரத்தில் வட்டமிடுவது; கூரிய பார்வையுடையது; பெரும்பாலும் உயிர் நீங்கிய உடலை மட்டுமே உண்டு நிலத்தைத் தூய்மை செய்வது.

சித்திரகூடத்தில் பெருமாள் பிராட்டியின் மடியில் கண்வளர்ந்திருந்தபோது, இந்திரன் மகன் காக வடிவில் வந்து பிராட்டியின் திருமேனியைக் கொத்திப் புண்படுத்தினான். விழித்தெழுந்த பெருமாள் தர்ப்பைப் புல் ஒன்றை எடுத்துப் பிரம்மாஸ்திரமாக ஏவினார். காகம் மூவுலகும் ஓடிற்று. பெற்ற தந்தையும் கைவிட்டான். தேவரும் ரிஷிகளும் கைவிட்டனர். போக்கிடம் இன்றித் திரும்பி வந்து பெருமாள் முன்னே விழுந்தது. ஒரு கண்ணை மட்டும் அஸ்திரத்துக்கு இலக்காக்கி அதன் உயிரைக் காத்தருளினார் பெருமாள். பிராட்டி அருகில் இருந்ததே காகம் பிழைத்ததற்குக் காரணம் என்பது பூர்வாசாரியர்கள் காட்டிய உட்பொருள்.

ஜடாயு மகாராஜரின் கதை வேறு. மரத்தின்மேல் உறங்கிக்கொண்டிருந்த கிழப்பறவை அவர். பிராட்டியின் அழுகுரல் செவியில் விழுந்ததும் எழுந்தார். ராவணனுக்கு முதலில் நீதி சொன்னார். அவன் கேளாதபோது போர் செய்தார். அவனுடைய வில்லை முறித்தார், தேரைச் சிதைத்தார். தம் முதுமையையோ அவன் வலிமையையோ அவர் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. சிறகுகள் வெட்டுண்டு வீழ்ந்தபின்னும், பெருமாள் வந்து செய்தி கேட்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

உலகக் கண்ணுக்கு ஜடாயு தோற்றவர். பிராட்டியை அவரால் மீட்க முடியவில்லை. ஆனால் பெருமாள், பிராட்டியைப் பிரிந்த துயரினும் இப்பறவையின் மறைவு தமக்குப் பெருந்துயர் என்றார். தம் திருக்கையால் ஈமக்கடன் செய்து, கோதாவரியில் நீராடி நீர்க்கடனும் அளித்தார். தந்தை தசரதனுக்கு அருகிலிருந்து செய்ய இயலாததை ஒரு பறவைக்குச் செய்தார். ஸ்ரீவைஷ்ணவர்கள் அவரைப் 'பெரிய உடையார்' என்று போற்றுவதும், காஞ்சிக்கு அருகே திருப்புட்குழி என்னும் திவ்யதேசம் அவர் நினைவைத் தாங்கி நிற்பதும் இதனால்தான்.

அக்கழுகினம் இன்று அருகிவிட்டது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து, அவற்றின் உடலை உண்ட கழுகுகளுக்கு நஞ்சாயிற்று. 1990களில் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006-ஆம் ஆண்டில் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை கூடு கட்டி வாழ்கின்றன. பெரிய உடையாரைத் தொழும் கைகள் அவர் குலத்தைக் காக்கவும் கடமைப்பட்டவை அல்லவா?

காகம் குற்றம் செய்து, வேறு கதியின்றி வந்தது. அதற்கு உயிர் கிடைத்தது. கழுகு யாரும் ஏவாமலே கைங்கர்யம் செய்தது. அதற்கு மோக்ஷமே கிடைத்தது. உத்ஸவத்துக்கு வரும் நம்மில் பெரும்பாலோர் எல்லாக் கதவும் அடைத்தபின் சந்நிதியை நாடும் காகங்களே. அதனால் வெட்கம் வேண்டா. தாயார் அருகில் இருக்கிறாள். ஆயினும் ஊர் திரும்பும் வழியில் ஓர் அபலையின் குரல் செவியில் விழுமாகில், வெற்றி தோல்வி எண்ணாமல் எழுந்து நிற்போமாக. காகமாக வந்தவர் கழுகாகத் திரும்புவதே இந்த யாத்திரையின் பலன்.

சுபம்.