அயற்காவல்

சைவ வித்தியாசாலைகளிலே உபாத்தியாயராயமர்ந்து பாலரைப் பயிற்றிவரும் மெய்யன்பர்களே!

சிவாலயங்களிலே அர்த்தசாம பூசை நிறைவெய்தியபின், கதவடைத்துத் திருக்காப்பிட்டு, திறவுகோற் கொத்தை வைரவ சுவாமி சந்நிதியிலே வைத்துச் செல்லும் வழக்கத்தை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். பூட்டோ இரும்பினாலாயது, திறவுகோலும் இரும்பே. அவற்றின் காவல் அவ்வளவோடு நிறைவதாயின் வைரவ சந்நிதி வேண்டப்படாது. இரும்பைக் காப்பதற்கும் ஒருவர் வேண்டுமென்று நம்முன்னோர் கருதினர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே மரத்தடி தோறும் சூலம் நாட்டி வைரவரை வழிபட்டதும் இக்கருத்துப் பற்றியே என்க.

சின்னாட்களின் முன்னர், மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடொன்றிலே குடியிருக்கும் அன்பர் ஒருவர் என்பால் வந்தார். அவர்கள் கட்டடத்திலே நீர் இறைக்கும் மோட்டார் களவு போயிற்றாம். இரவிலே படிக்கட்டு மேடையில் அறிமுகமில்லாத வாலிபர் கூடுகின்றனராம். குடியிருப்பாளர் கூடி யோசித்து, கமரா பூட்டுதல், வாயிலுக்கு இரும்புக் கதவிடுதல், வீட்டுக்கு வீடு பெயர்ப் பட்டியலெடுத்து ஐயமுள்ளாரைக் குறித்துவைத்தல் என்னும் மூன்றையும் பேசினராம். “மாஸ்டர், இதற்கு எங்கள் சமயம் என்ன சொல்லுகின்றது?” என்று அவர் வினாவினார். அன்று யான் கூறிய விடை அவசர விடை. ஆதலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தேன்.

மாளிகாவத்தை கொழும்பு மாநகரிலே மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அணித்தாயுள்ள பகுதி. முஸ்லிம்களின் பெரிய மையவாடியும், கெத்தாராம விகாரையும், 1986 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரேமதாச விளையாட்டரங்கும் அங்கே உள்ளன. அடுக்கடுக்காய் நிற்குந் தொடர்மாடிகளும், அவற்றினிடையே ‘தோட்டம்’ எனப்படும் நெருங்கிய குடியிருப்புக்களுமாய், முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒருவர் சுவரை ஒருவர் பகிர்ந்து வாழுமிடம் அது. பத்திரிகைகளிலே அப்பெயர் பெரும்பாலும் போதைப்பொருட் செய்தியோடும் துப்பாக்கிச் சூட்டுச் செய்தியோடும் வருதலால், வாசிப்போர் பெயரைக் கண்டவுடனே முகஞ் சுளிப்பர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி அப்பஞ் சுட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புந் தாயர் அங்கே எத்தனை பேர் என்பது பத்திரிகையில் வாராது.

காவல் என்பது நமக்குப் புதிய விஷயமன்று. சோழர் காலத்துச் சாசனங்களிலே பாடிகாவல் என்று ஓர் இறை பேசப்படுகின்றது. ஊர்க்காவலுக்காக ஊரார் இறுத்த பொருள் அது. ஆயினும், காவலின் இயல்பைப் பொற்கைப் பாண்டியன் சரித்திரம் போல விளக்குவது பிறிதில்லை. கீரந்தை என்னும் அந்தணன் யாத்திரை போகப் புறப்பட்டு, தனித்திருக்க அஞ்சிய மனைவிக்கு, அரசன் காவல் உண்டென்று தைரியங் கூறிப் போயினான். அதனை மறைந்துநின்று கேட்ட பாண்டியன் இரவுதோறும் அவ்வீதியைக் காத்துவந்தான். ஓரிரவு அவ்வீட்டினுள்ளே ஆண்குரல் கேட்டது. ஐயுற்ற அரசன் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்தவனோ மீண்டுவந்த கணவனே! தன்னால் அக்கற்புடையாள்மேல் ஐயம் விழுமேயென்று நாணிய அரசன், வீதியிலுள்ள கதவெல்லாவற்றையுந் தட்டிச் சென்றான். மறுநாள் வீதியார் முறையிட, கதவு தட்டிய கள்வனுக்குத் தண்டம் யாதென வினாவி, அது தன் கையே என்று கூறி அக்கையைக் குறைத்தான். பின்பு பொன்னாற் கை செய்து பூண்டமையின் அப்பெயர் பெற்றான்.

இக்கதையை வகுப்பிலே சொல்லும்போது அரசனது நேர்மையைப் புகழ்ந்து விட்டுவிடுகின்றோம். உற்று நோக்குமின்! அரசன் தீய எண்ணத்தோடு கதவு தட்டினானல்லன். காக்குங் கருத்தோடே தட்டினான். காப்பவனுடைய ஐயமும் ஒரு குடியின் மானத்தைக் கெடுக்கவல்லது என்பதையன்றோ அவன் கை சொல்லுகின்றது? நம்முடைய கமராக்களுக்கும் பட்டியல்களுக்கும் கையில்லை. ஆதலாற் குறைக்கப்படுவதும் ஒன்றுமில்லை.

பட்டியல் என்றவுடன் கொழும்புத் தமிழர் நெஞ்சு திடுக்கிடுவதற்குக் காரணமுண்டு. 1983 ஆம் ஆண்டு யூலை 24 ஆந் திகதி இரவு பொறளையிலே தொடங்கிய கலகத்திலே, காடையர் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி, எவ்வீடு தமிழருடையதென்று தேடிவந்து தீயிட்டனர். அரசியற் சுதந்திரத்துக்காக எழுதப்பட்ட பெயரே அடையாளமாயிற்று. அதனினுங் கொடியது, வெலிக்கடைச் சிறைச்சாலையிலே யூலை 25 ஆந் திகதியும் 27 ஆந் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டமை. ‘காவலில் வைத்தல்’ என்று நாம் சொல்லுகின்றோமே, அச்சொல்லின் பொருள் அன்று அங்கே என்னாயிற்று? அக்காலத்திலே யான் பாதிரிமாருடைய கல்லூரியொன்றிலே கற்கும் பதின்மூன்று வயதுச் சிறுவன். எம்மைத் தம் வீட்டுப் பின்னறையில் இரண்டிரவு இருத்திச் சோறிட்டவர் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார். அவர் கையிலே பட்டியல் இருந்ததில்லை. எம்மை அவர் அறிந்திருந்தார், அவ்வளவே.

2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதியும் மறத்தற்கரியது. பாதுகாப்பின் பெயரால், வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளிலேற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவரும், கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவரும் அவருள் இருந்தனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலைத் தடுத்துக் கட்டளையிட்டது. அந்நியன் என்பதையன்றி அவர்மேல் வேறு குற்றஞ் சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

இவற்றைச் சொல்லி நம்மவர் பட்ட துயரை மாத்திரம் பேசுதல் முறையன்று. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரில் 21 ஆந் திகதி, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் முதலிய இடங்களிலே வழிபாட்டுக்கு வந்தோர் குண்டுவெடிப்பால் மாண்டனர். அன்றே தெமட்டகொடையிலே, செல்வர் வாழும் வீடொன்றைச் சோதிக்கச் சென்ற பொலிஸ் உத்தியோகத்தர் மூவரும் உயிர்துறந்தனர். அவ்வீடு வறியோர் தோட்டத்திலிருந்த வீடன்று என்பதைக் கவனிக்குக. முன்னெச்சரிக்கை அம்மாத முற்பகுதியிலேயே கிடைத்திருந்தும் கவனிக்கப்படவில்லை. அதனைப் பொறுப்புள்ளோரின் தவறென்று உயர்நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு சனவரியிலே தீர்ப்பிட்டது. ஆனால், அதன்பின் ஐயத்துக்குள்ளாயினோர் யாவர்? மாளிகாவத்தை போன்ற இடங்களிலே அன்றாடங் கூலிக்குச் செல்லும் முஸ்லிம்களே. பஸ் வண்டியிலே அவரருகே இருக்க அஞ்சி எழுந்து நின்றவருள் நெற்றியிலே திருநீறிட்டோரும் இருந்தனர். 1983 ஐ மறவாத நாம் அதனை எளிதில் மறந்தோம்.

ஆயின் களவைத் தடுப்பது எவ்வாறு என்று வினாவுவீர்கள். வினா நியாயமானது. ஒஸ்கார் நியூமன் என்னுங் கட்டடக் கலைஞர் 1972 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, உயர்ந்த மாடி வீடுகளில், எல்லார்க்கும் பொதுவாகி ஒருவர்க்கும் உரித்தாகாத படிக்கட்டு, நடைவழி, மின்தூக்கி ஆகியவற்றிலே குற்றம் மிகுதலை எடுத்துக்காட்டினார். கதவுக்கு உட்புறத்தை நாம் பெருக்கி மெழுகுகின்றோம். கதவுக்கு வெளியே இரண்டடி தள்ளிக் கிடக்குங் குப்பை நகரசபைக்குரியது என்கின்றோம். கள்வன் நிற்பது அவ்விரண்டடியிலேதான்.

மற்றோர் ஆராய்ச்சி உபாத்தியாயர்களாகிய நமக்கு நேரே உரியது. சிக்காகோ நகரிலே 343 அயற்பகுதிகளில் 8,782 பேரை வினாவி, றொபேட் சாம்சன் முதலிய மூவர் 1997 ஆம் ஆண்டு வெளியிட்டது அது. வறுமை முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும், ஒருவரையொருவர் நம்பி, பொதுநன்மைக்காகத் தலையிடும் மனமுடையோர் வாழும் பகுதிகளிலே வன்செயல் குறைந்திருந்தது. அம்மனத்தை அளப்பதற்கு அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று யாது தெரியுமோ? பள்ளிக்குப் போகாது தெருமூலையிலே நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் அயலார் ஏதேனுஞ் செய்வரோ என்பதே. பூட்டைப் பற்றியும் பொலிசாரைப் பற்றியுங் கேட்கு முன்னே பிள்ளையைப் பற்றிக் கேட்டனர். நம்முடைய வரவு இடாப்பு ஊர்க்காவலின் முதலேடு என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று.

இவ்விடத்திலே என் குற்றமொன்றைச் சொல்லாது மேலே செல்ல மனம் இசையவில்லை. பல ஆண்டுகளின் முன், யான் கற்பித்த வகுப்பிலே ஒரு பிள்ளையின் பணப்பை காணாமற் போயிற்று. தோட்டத்திலிருந்து வரும் மாணாக்கன் ஒருவன் இடைவேளையிலே வகுப்பில் தனித்திருந்தான் என்றனர். வேறொன்றும் விசாரியாமல், எல்லார் முன்னிலையிலும் அவனுடைய புத்தகப்பையைக் கவிழ்க்கச் செய்தேன். இரண்டு கொப்பிகளும், கடதாசியிற் சுற்றிய பாதி ரொட்டியும் விழுந்தன. பணப்பை பிற்பகலிலே விளையாட்டுத் திடலிற் கிடைத்தது. மறுநாள் அப்பிள்ளை வரவில்லை. பின் ஒருபோதும் வரவில்லை. அவன் வீட்டைத் தேடி யான் போனது மூன்று கிழமை கழிந்த பின்னரே. அதற்குள் அவர்கள் வேறிடம் போய்விட்டனர். ஆராயாது ஏவிய ஒரு சொல்லாற் கோவலன் பட்டதைப் பாண்டியன் அறிந்தவுடனே உயிர்விட்டான் என்று யான் எத்தனையோ வகுப்புக்களிற் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். யானோ மூன்று கிழமை பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆதலால், பிள்ளையொன்று மூன்று நாள் வாராதாயின் நான்காம் நாள் அதன் வீட்டுப்படி ஏறுங்கள். போதைப்பொருள் விற்போர் சிறுவரைத் தேடுவது, அவரை ஒருவருந் தேடாத வேளையிலே. அவர்களுக்குமுன் நாம் போதல் வேண்டும். விற்போரை நேரே எதிர்த்துப் பொருதுங்கள் என்று யான் சொல்லேன். குடும்பமுடையார்க்கு அது தகாது. அதற்குப் பொலிசார் உளர். முறைப்பாடு செய்யவேண்டுமிடத்து ஒருவர் தனித்துச் செல்லாது நால்வர் கூடிச் செல்வது நன்று.

கொடையும் காவலின்றிச் செய்யப்படின் கேடாகும் என்பதற்கு மாளிகாவத்தையே சான்று. 2020 ஆம் ஆண்டு மே 21 ஆந் திகதி, நோய்ப்பரவலால் ஊரெங்குந் தொழில் முடங்கிக் கிடந்த காலத்திலே, நோன்பு மாத இறுதியில் அங்கே தனியொருவர் பணம் பகிர்ந்தார். பெற வந்தோர் நெருங்கியதால் பெண்கள் மூவர் மிதியுண்டு இறந்தனர். அவர் கொல்லப்பட்டது கள்வரால் அன்று, கொடுத்தவரும் தீயவரல்லர். பசி எத்துணை அருகே நிற்கின்றதென்பதை அயலார் அறியவில்லை. நம் ஆலயங்களிலே அன்னதானப் பந்திக்குக் கயிறு கட்டும் தொண்டரை அற்பமாக எண்ணாதீர்கள்.

மெய்ப்பொருணாயனார் புராணத்தை நீங்கள் அறிவீர்கள். பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, புத்தகக் கவளியுள்ளே படைக்கலம் மறைத்து வந்தான். வாயில்காப்போனாகிய தத்தன் சமயமறிந்து செல்லும்படி தடுத்தான். அவன் தடுத்தது தவறன்று. காவலன் கடமை அது. குத்துண்ட நாயனார், வாளோங்கிய தத்தனை விலக்கி, கொன்றவன் நம்மவனென்று கூறி, அவனை இடரின்றிக் கொண்டுபோய் விடும்படி பணித்தார். தத்தன் செய்த அருஞ்செயல் அதன் பின்னரே நிகழ்ந்தது. கொதித்தெழுந்து சூழ்ந்த நகரத்தாரை விலக்கி, தன் அரசனைக் கொன்றவனை அவர் கைப்படாமற் காத்து எல்லை கடத்தி, அச்செய்தியைச் சொல்ல ஓடிவந்தான். நாயனார் அதுகேட்கும் வரையும் உயிர் தாங்கியிருந்தார். நம் தெருக்களிலே பிடிபட்டவனைத் தூணிலே கட்டி அடித்து, அதனைக் கைப்பேசியிற் படம்பிடித்து மகிழ்வோர் பலர். அங்கே தத்தனாய் நிற்பதற்கு ஓர் உபாத்தியாயர் வாய்ப்பாராயின் அவருடைய பழைய மாணாக்கர் சிலராவது கையைத் தாழ்த்துவர். உபாத்தியாயர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இன்னும் எஞ்சியுள்ளது.

பாதிரிமார் எமக்குச் சிறுவயதிற் கற்பித்த சமாரியன் கதையிலும், கள்வரால் அடியுண்டவனைக் கண்டவன் கள்வரைத் துரத்தி ஓடவில்லை. முதலிலே காயத்தைக் கட்டினான். நல்லதை எவர் சொல்லினும் நல்லதே. அக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல யான் பின்னிற்பதில்லை.

மாளிகாவத்தை அன்பர் மீண்டும் வந்திருந்தார். இரும்புக் கதவுக்குப் பணம் சேரவில்லையாம். படிக்கட்டு மேடைக்கு விளக்கிட்டு, மாலையிலே அங்கேயே பாய் விரித்துப் பிள்ளைகளைப் படிக்க இருத்துகின்றனராம். மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கின்றனராம். வாலிபர் இரண்டொருவர் வேறிடம் போயினராம்; ஒருவன் பாயின் ஓரத்திலே வந்து இருக்கின்றானாம். கமரா ஒன்று வாயிலிலே பூட்டியுள்ளனர். அதனை யான் மறுக்கவில்லை. பட்டியல் என்னாயிற்றென்று கேட்டேன். ஐயமுள்ளார் பட்டியலை விட்டு, உதவி வேண்டுவார் பட்டியல் எழுதினராம். நான்காம் மாடியிலே தனித்து வாழும் முஸ்லிம் மூதாட்டி ஒருவர் பெயர் முதலிலே எழுதப்பட்டுள்ளதாம். இரவிலே மயக்கமுறுவார் என்றஞ்சி, அவருடைய வீட்டு மறுதிறவுகோலை அன்பர் வாங்கித் தம் வீட்டுச் சுவாமி படத்தடியிலே வைத்திருக்கின்றார்.