மழையில் மட்டும் வரும் பழுது

"தம்பி, மழை பேஞ்சா மோட்டார் நிக்குதுப்பா."

மூன்று மழைக்காலமாக அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில், டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, அந்தப் பழைய கப்சாயை உதைத்துப் பார்ப்பேன். ஒரே உதையில் கிளம்பிவிடும். "ஒண்ணுமில்லையேப்பா, நல்லாத்தானே ஓடுது." வெர்க்‌ஷாப்பிலும் அதையேதான் சொன்னார்கள். பிறகு அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். போன அக்டோபரில் ஒருநாள், இரவு ஷிப்ட் முடிந்து, கொட்டுகிற மழையில், அறுபத்திரண்டு வயதில், மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

நான் பாயான் லெப்பாஸில் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பழுது என்று திரும்பி வந்த ஒன்றில் எதுவும் கிடைக்காவிட்டால் 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று எழுதுவோம். அதற்கு உண்மையான அர்த்தம், எங்கள் மேசையில் பழுது வரவில்லை என்பது மட்டும்தான். ஆனால் படிக்கிறவருக்கு அது 'பழுதே இல்லை' என்று ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் 'அவருக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று ஆகும். அப்பாவுக்கு நான் செய்தது இதைத்தான்.

பிளக்கில் பொறி விழ ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அந்த மின்சாரம் எது சுலபமோ அந்த வழியில் போகும். பிளக் மூடியின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காய்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. தூசும் உப்பும் கலந்த ஈரம் அதில் படிந்துவிட்டால், பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியிலேயே எஞ்சின் உடம்புக்குத் தாவிவிடும். அதிலும், நின்றபடி மெதுவாக ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, குறைந்த வோல்ட்டே போதும். எண்ணெயை முறுக்கிப் பாரம் ஏற்றும்போதுதான் அதிக வோல்ட் தேவைப்படும், அப்போதுதான் கசியும். ஆக வெயிலில், ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்த எனக்கு அது தெரிய வழியே இல்லை.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலால் ஓடுகிற எஞ்சின்மேல் லேசாகப் புகைபோல அடித்தேன். கையை எட்டவே வைத்துக்கொண்டேன். முறுக்கியதும் மூடியிலிருந்து எஞ்சினுக்கு நீலமாக ஒரு நூல் தாவியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புது மூடி மாட்டி, வயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி, சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். வேலை அவ்வளவுதான்.

அப்போ யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா? ராபர்ட் பிர்ஸிக் 1974இல் எழுதிய, மோட்டார்சைக்கிள் பராமரிப்பும் ஸென்னும் பற்றிய புத்தகத்தில் இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்று வரும். மகனோடு போகும்போது மழையில் எஞ்சின் நின்றுவிடுகிறது. மழைதான் காரணம் என்று முடிவுகட்டி, பயணத்தையே கைவிடுகிறார். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. அப்பாவும் கார்புரேட்டரில் தண்ணீர் போகிறது என்றுதான் நினைத்தார். இரண்டு முறை காசு கொடுத்து அதைக் கழுவியும் இருக்கிறார்.

இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. 'மழையில் நிற்கிறது' என்பது சாட்சியம். 'கார்புரேட்டர்' என்பது விளக்கம். விளக்கத்தைச் சந்தேகிக்க எனக்கு உரிமை உண்டு, அதற்குத்தான் படித்தேன். சாட்சியத்தைத் தள்ள வேண்டுமென்றால், அவர் நின்ற மழையில் நானும் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் விளக்கத்தைச் சந்தேகித்த சாக்கில் சாட்சியத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

மோட்டாருக்கு மட்டும் இல்லை இது. 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பினாங்கில் பள்ளமான இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெயில் நாளில் வந்து பார்க்கிறவருக்குத் தரை காய்ந்துதான் இருக்கும். ராத்திரியில் மட்டும் வரும் வலியும் பகலில் கிளினிக்குக்குப் போனால் காணாமல் போய்விடும்.

போன வாரம் அம்மா, ஃபிரிட்ஜ் ஏதோ சத்தம் போடுது என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "எப்போம்மா வருது?" என்று கேட்டேன்.