ஆட்டிசத்தின் பின்னால் மறையும் வலிப்பு

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, நடு விளையாட்டில் சில நொடிகள் கண் நிலைகுத்தி நிற்கிறது. "அவன் அப்பிடித்தான்" என்கிறது வீடு. பள்ளிக்கூடமும் அதையே சொல்கிறது. ஆட்டிசம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதன் பிறகு பிள்ளை செய்வதையெல்லாம் அந்தக் கணக்கில் போட்டுவிடுகிறோம். அந்த நிலைகுத்தல் வலிப்பாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வலிப்பு நோய் உண்டு. ஆட்டிசத்தோடு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருப்பதாக 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அக்குறைபாடு இல்லாதவர்களிடமும் எட்டு சதவீதம். முதல் வலிப்பு மழலைப் பருவத்தில் வரலாம். எல்லாம் ஓரளவு சீராகிவிட்டது என்று பெற்றோர் மூச்சுவிடும் பதின்ம வயதிலும் வரலாம்.

ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். ரொறன்ரோ சிக்கிட்ஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் ஷெரரின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 134 மரபணுக்களை அடையாளம் கண்டது. நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயிலை அமைக்கும் எஸ்சிஎன்2ஏ போன்ற மரபணு பழுதானால் ஆட்டிசமும் வரலாம், வலிப்பும் வரலாம்.

இவ்வளவு அறிந்த நகரத்தில்தான் ஸ்காபரோவின் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. ஆட்டிசத்தைப் பற்றி இப்போது வாய்விட்டுப் பேசுகிறோம்; வலிப்பென்றால் குரல் தாழ்ந்துவிடுகிறது. மூத்தவளின் கலியாணப் பேச்சு கெட்டுவிடுமாம். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல்தான் அதை நீக்கினார்கள். அந்த அச்சம் கடல் கடந்தும் வந்திருக்கிறது. அதற்கு விலை கொடுப்பது, தனக்கு என்ன நேர்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை.

வலிப்பைக் கண்டறியத் தலையில் கம்பிகள் ஒட்டி எடுக்கும் ஈஈஜி பரிசோதனை, தொடுகையே பொறாத பிள்ளைக்குப் பெரும் வதை. ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளை நிலைகுத்தி நிற்கும் அந்த நொடிகளைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வழி தெரியும். பெரிய வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 911ஐ அழையுங்கள். வருபவர்களிடம் ஆட்டிசம் என்பதையும் சொல்லுங்கள்.