தூரத்துப் பிள்ளையும் பக்கத்துத் தகப்பனும்

ஷார்ஜா தொழில்பேட்டையில் பிச்சைக்காரர்களைக் காண முடியாது. பிச்சை எடுப்பது இந்த நாட்டில் குற்றம். ரமலான் மாதத்தில் அதற்கென்றே போலீஸ் தனிக் கண்காணிப்பு நடத்துகிறது. வீடற்றவர்களையும் எளிதில் காண முடியாது. இங்கே வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு விசா உண்டு, விசாவுக்கு ஒரு கம்பெனி உண்டு, கம்பெனிக்கு ஒரு கேம்ப் உண்டு, கேம்பில் ஓர் இரும்புக் கட்டில் உண்டு. காகிதத்தின்படி கூரையில்லாதவர் யாருமில்லை. ஆனால் கம்பெனி படுத்துவிட்டால் கட்டிலும் போய்விடும். அதன்பிறகு அந்த மனிதர் இரவு ஷிப்டுக்குப் போன நண்பரின் கட்டிலில் தூங்குகிறார்; நண்பர் திரும்பியதும் எழுந்துபோய் எங்காவது ஒரு பூங்காவில் பகலைக் கழிக்கிறார். விசாவும் முடிந்துவிட்டால் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கிறது: கல்லிவல்லி. அரபியில் ‘விட்டுத்தள்ளு’ என்பது போன்ற சொல். நம்மவர்கள் அதை ஆட்களுக்கே பெயராக்கிவிட்டார்கள்.

தொழில்பேட்டையிலிருந்து வண்டியில் சிறிது தூரத்தில், யர்மூக் பகுதியில், புனித மிக்கேல் ஆலயம் இருக்கிறது. நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனால் பாளையங்கோட்டையில் சேசு சபையார் நடத்தும் பள்ளியில் படித்தவன், நெருங்கிய நண்பர்கள் பலர் அந்த ஆலயத்துக்காரர்கள். அவர்கள் கொடுக்கும் விதத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஊரில் கன்னியர்கள் நடத்தும் ஏதாவது ஒரு சிறுவர் இல்லத்தில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தது போல் மாதம் நூறு திர்ஹம் அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையின் புகைப்படமும் மதிப்பெண் பட்டியலும் வரும். நானும் ஓர் இல்லத்துக்கு அனுப்புகிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பணம் ஆகாது. டொரொண்டோவில் குடியுரிமை வாங்கிய அவருடைய அண்ணன் அனுப்பினால் ஆகும். வளைகுடா நம்மைக் குடிமக்களாக ஏற்காததால் நம் இரக்கம் உள்நாட்டு இரக்கமாகவே நீடிக்கிறது.

பிரிட்டனில் முதுகலை படித்த நாட்களில் பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தேன். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கித் தூக்கினால் உங்கள் உடை சேறாகும், அவ்வளவுதான். இறங்க மாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் வங்கத்தில் பசியால் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று அவர் கேட்டார். தூரம் கடமையைக் குறைக்காது என்பது அவர் வாதம். அருகில் இருப்பவனுக்கு மட்டுமே உருகும் மனம்தான் அவர் கண்ட எதிராளி.

வளைகுடாவில் அந்த எதிராளி தலைகீழாக நிற்கிறான். இங்கே தூரத்துக் குழந்தை எளிது. பக்கத்துக் கேம்பில் இருக்கும் ஆள்தான் கடினம். ஏன் என்று யோசித்திருக்கிறேன். குழந்தையின் வறுமையில் குழந்தைக்குப் பங்கில்லை. வளர்ந்த ஆணின் வறுமையைப் பார்த்ததும் நமக்குள் ஒரு விசாரணை அதிகாரி உட்கார்ந்துவிடுகிறார்: ஏன் ஏஜென்டிடம் அவ்வளவு பணம் கொடுத்தான், ஏன் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, குடிக்கிறானோ? இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சபையில் யாரும் சொல்வதில்லை. தூரத்துக் குழந்தைக்கு உதவினால் யாரையும் பகைக்க வேண்டியதில்லை. பக்கத்து ஆளுக்கு உதவப் போனால் அவருக்குச் சம்பளம் தராத முதலாளியின் பெயரைக் கேட்க வேண்டியிருக்கும். அந்த முதலாளி நம் வாடிக்கையாளராக இருக்கலாம். நான் சம்பளக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். இது எனக்குக் கற்பனைச் சிக்கல் அல்ல.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் வழியாக ஒரு வெல்டரைச் சந்தித்தேன். தென்மாவட்டக்காரர். மாதம் 1,100 திர்ஹம் சம்பளம், ஐந்து மாதமாக வரவில்லை. மனைவி இறந்துவிட்டார், மகள் ஊரில் கன்னியர் இல்லம் ஒன்றில் தங்கிப் படிக்கிறாள். இல்லத்தின் பெயரைச் சொன்னார். என் நண்பர் முகம் மாறியது. அவருடைய நூறு திர்ஹம் மாதாமாதம் போவது அங்கேதான். அவர் ஆதரிக்கும் பிள்ளை இந்தப் பிள்ளை அல்ல, ஆனால் உலை ஒன்றுதானே. இந்த மனிதருக்கு வரவேண்டிய 5,500 திர்ஹத்தை ஒரு கொடையாளியின் நூறு நூறாக ஈடுகட்ட 55 மாதங்கள் ஆகும். ஷார்ஜாவில் பிடித்து வைத்த கூலியின் ஓட்டையை ஷார்ஜாவிலிருந்தே போகும் தர்மம் ஊரில் அடைத்துக்கொண்டிருக்கிறது. பணம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. நடுவில் ஒரு பெண்குழந்தை நன்றிக் கடிதம் எழுதப் பழகுகிறாள்.

இல்லங்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது, முதலிடம் குடும்பத்துக்கு. அந்தக் கடைசி வழிக்கு வந்துவிட்ட பிள்ளைக்குக் கதவு திறக்க யாராவது இருந்தாக வேண்டும். கேள்வி, அந்தக் கதவுவரை பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது எது என்று கொடுப்பவர் கேட்க வேண்டுமா, கொடுத்ததோடு அவர் கடமை முடிந்ததா என்பதுதான்.

கத்தோலிக்க மரபுக்குள்ளேயே இதற்குப் பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். தொன் போஸ்கோ என்றால் நமக்கு நினைவு வருவது பள்ளிக்கூடங்களும் தெருச்சிறுவர்களுக்கான அன்பு இல்லங்களும். அவருடைய சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தபோது ஏற்றுக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று அநாதைச் சிறுவர் இல்லம். ஆனால் டூரின் நகரத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பஞ்சம் பிழைக்க நகரத்துக்கு வந்த சிறுவர்களைத் தச்சரிடமும் கண்ணாடி வேலைக்காரரிடமும் சேர்த்துவிட்டபோது, அவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். 1852 பிப்ரவரி 8ஆம் தேதியிட்ட அத்தகைய ஒன்று இன்றும் இருக்கிறது. தச்சு முதலாளி, சிறுவன், அவன் தகப்பன், தொன் போஸ்கோ எல்லோரும் அதில் சம்பந்தப்பட்டவர்கள். தொழில் கற்றுத்தர வேண்டும், தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது, தவறு செய்தால் வாயால் திருத்த வேண்டுமே தவிர அடிக்கக்கூடாது, திருநாட்களில் விடுப்பு, குறித்த கூலி. ஒரு சாமியார் சோறு போட்டதோடு நிற்காமல் முதலாளியை மேசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அன்னதானத்துக்குக் கூட்டம் சேர்ப்பதைவிட இதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும்.

அதே காலத்தில் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம். நம் ஊர்ப் பங்குகளில் எல்லாம் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் தோழர்களோடு தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். ரொசாலி ரெண்டு என்ற கன்னியர் அவர்களை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். இன்றுவரை அந்தச் சபையின் வழக்கம் இதுதான்: கூட்டத்தில் பை ஒன்று சுற்றும், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது, பிறகு இருவர் இருவராக வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஓசனாம் அடிபட்டவனுக்குக் காயம் கட்டுவதைத் தர்மத்தின் வேலை என்றார். வழியில் அடி விழாமல் பார்ப்பதை நீதியின் வேலை என்றார். இரண்டையும் அவர் குழப்பவில்லை, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளவும் இல்லை.

வள்ளுவர் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார். ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23, புகழ் 24. ஊருக்கு நாம் பட்டிருக்கும் கடன் முதலில். இரப்பவனுக்குக் கொடுப்பது அடுத்து. பேர் எடுப்பது அதற்கும் பின்னால். நம் சங்கங்களின் ஆண்டுவிழா மேடைகளைப் பார்த்தால் 24இலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டோமோ என்று தோன்றும்.

நீதி வரும்வரை பசித்தவன் காத்திருப்பானா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷார்ஜா ஆலயம் அடங்கியிருக்கும் தென் அரேபிய மறைவட்டத்தில்தான் ஏமனும் இருக்கிறது. ஏடன் நகரத்தில் அன்னை தெரசாவின் கன்னியர்கள் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஓர் இல்லம் நடத்தினார்கள். போர் வந்தபின்னும் கிளம்பவில்லை. 2016 மார்ச் 4ஆம் தேதி ஆயுதக்காரர்கள் புகுந்து நான்கு கன்னியர் உட்பட 16 பேரைக் கொன்றார்கள். ருவாண்டாவைச் சேர்ந்த இருவர், கென்யாவைச் சேர்ந்த ஒருவர், இந்தியர் ஒருவர். அந்தப் பெண்களிடம் போய் நீங்கள் கட்டமைப்பை மாற்றவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அவர்கள் செய்ததும் நாம் நூறு திர்ஹம் அனுப்புவதும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதுதான் தொந்தரவு. அவர்கள் கூட இருந்தார்கள். அனுப்புகிறவர் கூட இல்லாமல் இருப்பதற்கான விலையைச் செலுத்துகிறார் என்றும் சொல்லலாம். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

கூட இருப்பதற்கு இங்கே சட்டமும் சில எல்லை போடுகிறது. உரிமம் பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக்கூடாது. மோசடியைத் தடுக்க அது தேவைதான். ஆனால் ஒருவரோடு உட்கார்ந்து அவருக்கு உரியதை அவர் கேட்க உதவுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகவே போக வேண்டும், அமைச்சகத்துக்குத் தெரியும். கம்பெனி கைவிரித்தால் தொழிலாளிக்கு 20,000 திர்ஹம் வரை ஈடு தரும் காப்பீடு 2018இல் வந்தது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. புகார் படிவமோ அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெல்டர் புகார் கொடுக்காததற்கு ஒரே காரணம், கம்பெனி தன்னைத் தலைமறைவானவன் என்று எழுதிவிடும் என்ற பயம்.

என் நண்பரும் இன்னொருவரும் ஓசனாமின் ஆட்களைப் போல இருவராகப் போனார்கள். கொண்டுபோனது ஒரு மடிக்கணினி, ஒரு டப்பா பிரியாணி. வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, சம்பளம் நின்ற மாதங்களைக் குறித்து, புகாரைத் தட்டச்சு செய்ய ஒரு மாலை பிடித்தது. அமைச்சகம் அழைத்த பிறகு கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. மீதி இரண்டு மாதத்துக்கு வழக்கு நடக்கிறது. அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். மகள் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், அதே இல்லத்திலிருந்து.