அலமாரியில் உறங்கும் கேமரா

பழைய பிலிம் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் போனே நல்ல படம் எடுக்கும்போது, வழக்கொழிந்த பெட்டிகளை வீட்டில் சேர்ப்பது வெறும் பற்றுதானே? சேர்ப்பது பற்றுதான் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே கேமராவில் ரோல் போட்டு எடுத்துப் பார்க்கிறவருக்கு, பற்றைத் தளர்த்தவும் அது கற்றுத்தரும் என்பதே என் வாதம். சேர்ப்பதும் எடுத்துப் பார்ப்பதும் ஒரே பொழுதுபோக்கு போலத் தெரிந்தாலும், மனத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பவை.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம் சொல்லும் கர்மயோகத்தை, பலனை எதிர்பாராமல் இருப்பது என்று சுருக்கிப் பழகிவிட்டோம். செயலற்றுக் கிடப்பதிலும் பற்று கூடாது என்று அதே சுலோகம் எச்சரிப்பதை மறந்துவிடுகிறோம். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் கேமராக்கள் அந்த இரண்டாவது பற்றின் உருவம். ஆண்டுக்கணக்கில் அழுத்தப்படாத ஷட்டரில் எண்ணெய் பிசினாக இறுகி, ஒரு நொடியில் மூட வேண்டியது இரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படர்கிறது. திருக்குறளின் 'நன்றியில் செல்வம்' அதிகாரம், உடையவனும் துய்க்காமல் பிறருக்கும் உதவாமல் கிடக்கும் பொருளைப் பற்றியது. பூட்டிக் கிடக்கும் லைக்கா கேமராவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எடுத்துப் பார்க்கும்போது நடப்பது வேறு. பரோடாவில் தயாராகி இந்திய வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் த்ரீயை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோலுக்கு 12 படம். குமிழைத் திருகினால் முதுகுப்பக்கச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் மெல்ல நகர்ந்து வந்து நிற்கும். எடுத்த படத்தைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகங்களில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் திரண்டிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சுவடு டெவலப்பரில் ஊறிய பிறகே உருவமாகும். இன்று செய்த யாகத்தையும் என்றோ வரப்போகும் பலனையும் இணைப்பது எது என்ற கேள்விக்கு, மீமாம்சைத் தத்துவவாதிகள் 'அபூர்வம்' என்ற காணமுடியாத ஆற்றலை விடையாகச் சொன்னார்கள். வினைக்கும் பயனுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி பிலிமில் ரசாயனமாகவே இருக்கிறது. அதற்குள் நம்மால் செய்யக்கூடியது, அடுத்த படத்தைக் கவனமாக எடுப்பது ஒன்றே.

இந்தக் கட்டுப்பாட்டைப் போனிலும் கடைப்பிடிக்கலாமே என்பார்கள். மனவுறுதி உள்ளவர்கள் கடைப்பிடிக்கலாம். ஆனால் மனம் தளரும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் விரதத்துக்கு நாளும் விதியும் வைத்தார்கள். 12 என்ற எண் அப்படியொரு விதி. இதைவிடக் கனமான மறுப்பு, பலனை நினைக்காமல் எடுத்துக்கொண்டே போவதும் ஒரு பற்றாகிவிடும் என்பது. எடுத்த நேரத்து உணர்ச்சி தன் தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்று, ரோல்களை நெடுநாள் ஆறப்போட்டுக் கழுவியவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட். 1984இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 2,500 ரோல்கள் கழுவப்படாமலே கிடந்தன. அவர் மனத்தை அளக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பலனில் பற்றை விடுவது வேறு, பலனையே கைவிடுவது வேறு என்பதை அந்தக் குவியல் உணர்த்துகிறது. ரோலைக் கழுவி, வந்ததை நேருக்கு நேர் பார்ப்பதும் கடமையில் அடங்கியதுதான்.

கழுவிய நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால், சில படங்கள் வெளிறியிருக்கும். ஒன்றின் மேல் இன்னொன்று பதிந்தும் இருக்கும். திரும்ப எடுக்க அந்த நொடி இனி வராது. நம் கவனம் இவ்வளவுதான் என்று ஏற்பதே அங்கே வாய்க்கும் பாடம். பற்று தளர்ந்ததா என்று அறிய இன்னொரு சோதனையும் உண்டு. நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த கேமராவை, ஆசையோடு கேட்கும் ஒருவரிடம் கொடுக்க மனம் வருகிறதா? அப்படிக் கொடுப்பதற்கும் அது பழகிய கேமராவாக இருக்க வேண்டும். பூஞ்சை மூடியதைக் கொடுப்பது தானமாகாது.