ஒட்டுப்போட்ட அங்கி

தையற்காரரின் மேசைக்கடியில் விழும் வெட்டுத் துண்டுகளுக்கு டக்கார் நகரில் மறுபிறவி உண்டு. பூப்போட்ட பருத்தித் துண்டு ஒன்று, அதன் பக்கத்தில் கரும்பச்சைச் சதுரம், அடுத்து ஒரு மஞ்சள் பட்டை, அதற்குக் கீழே யாருடைய கல்யாண உடுப்பிலிருந்தோ மிஞ்சிய பளபளக்கும் ஊதா. ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் முழங்காலைத் தாண்டித் தொங்கும் அங்கியாகிவிடும். ஞாஹாஸ் என்று அதற்குப் பெயர். அதை உடுத்துகிறவர்கள் பாய் ஃபால் எனப்படும் சூஃபி அடியார்கள். இடுப்பில் அகலமான தோல் வார், கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த குருவின் படம், சடைசடையாய்த் திரிந்த முடி, கையில் சுரைக்குடுவை. இரவில் வட்டமாகச் சுற்றி நடந்தபடி, தோளில் மாட்டிய முரசின் தாளத்துக்கு, இறைவன் ஒருவனே என்னும் கலிமாவைத் தொண்டை கிழியப் பாடுவார்கள். இன்னொரு தெருவில் ஏதோ ஒரு விசேஷ வீட்டுக்காகச் சபார் முரசுகள் அதிரும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பெண்கள் புதுத்துணியில் ஆடிக்கொண்டிருப்பார்கள். செனகலின் தலைநகருக்கு வருகிற வெளியூர்க்காரர் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, இசையும் உடையுமாகக் கலகலப்பான ஊர் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கோ அந்த அங்கி ஒரு பழைய கேள்வியைக் கிளப்புகிறது. துறவின் உடை கண்ணைப் பறிக்கும் அலங்காரமாகலாமா? இறைவனின் பெயர் தெருவில் நின்று கேட்டு ரசிக்கும் இசையாகலாமா?

ஆகாது என்பதே பெரும்பாலோர் பதில். இந்தப் பதிலில் கண்டிப்பான மதவாதியும் நவீனச் சிந்தனையாளரும் கைகோத்துக்கொள்வது ஆச்சரியம். இருவருக்குமே பக்தி என்பது உள்ளே இருப்பது. வெளியே தெரிவதெல்லாம் தோல், உரித்தெறிந்தால் நல்லது. ஒருவர் அதைப் பகட்டு என்று கடிவார். மற்றவர் நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொள் என்பார். இந்தப் பொதுக்கருத்து தவறு என்பது என் துணிபு. உள்ளே மட்டும் இருக்கும் பக்தியை எவரும் கேள்வி கேட்க முடியாது. நெற்றியிலும் உடம்பிலும் குரலிலும் வெளிப்பட்ட பிறகுதான், "இதைப் பூண்டுகொண்டா இப்படி நடக்கிறாய்?" என்று கேட்கும் உரிமை அண்டை அயலாருக்குக் கிடைக்கிறது. கோலம் பூணுகிறவர் தன்னை ஊரின் கேள்விக்கு ஒப்புக்கொடுக்கிறார். கோலத்தின் மதிப்பை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

முதலில், எளிய உடை என்றால் கோலமற்ற உடை என்ற மயக்கம் தீர வேண்டும். குப்பையில் கிடந்த கந்தலைப் பொறுக்கித் தைத்து உடுத்தச் சொன்ன பௌத்த சங்கத்திலேயே அந்தத் தையலுக்கு ஒரு வடிவம் விதிக்கப்பட்டது. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடக்கும் அழகைக் காட்டி, அதுபோலவே சீவரத்தைத் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநயபிடகம் சொல்கிறது. கந்தல்தான், ஆனாலும் வயலைப் பார்த்து வரைந்த கந்தல். சூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கியும் அப்படியே. 11-ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதி, லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி, தம் 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் அந்த அங்கிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஊர் மெச்சுவதற்காக அதை மாட்டிக்கொள்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கந்தல் நாகரிகமாகிவிட்டது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களும் அப்போதே இருந்தார்கள். கோலமே வேண்டாம் என்று வெள்ளை வேட்டிக்கு மாறினால் அதுவும் ஒரு கோலமாகிவிடும் என்பதை நம் அரசியல் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டக்காரின் அங்கிக்கு வருவோம். செனகலில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முரீதுகளின் வழியைத் தோற்றுவித்தவர் அமாது பம்பா. குருவிடம் கைகொடுத்த சீடரைக் குறிக்கும் முரீது என்ற சொல் தமிழ் முஸ்லிம்கள் வீட்டிலும் புழங்குவதுதான். பம்பா நூலறிஞர்; அரபியில் ஏராளமான துதிப்பாடல்களை இயற்றியவர்; தொழுகையிலும் நோன்பிலும் கண்டிப்பானவர். அவரிடம் 1880-களில் வந்து சேர்ந்தார் இப்ராஹிமா ஃபால் என்ற போர்க்குடி இளைஞர். ஏட்டுப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. விறகு வெட்டினார், கிணறு தோண்டினார், நிலத்தை உழுதார். உடுத்திய துணி கிழியக் கிழிய ஒட்டுப்போட்டார். ஞாஹாஸ் அங்கியின் தொடக்கத்தை இப்படித்தான் சொல்கிறார்கள். உழைப்பே வழிபாடு என்று அவர் நடந்துகாட்டியதைக் குரு ஏற்றுக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்களே பாய் ஃபால். பாய் என்றால் வொலோஃப் மொழியில் தந்தை. பெண்களுக்கு யாய் ஃபால், அதாவது தாய். முரீதுகளின் புனித நகரான தூபாவின் பெரிய பள்ளிவாசலில் உயர்ந்து நிற்கும் நடு மினாராவுக்கு இப்ராஹிமா ஃபாலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பம்பாவைச் சுற்றித் திரண்ட கூட்டத்தைப் பார்த்து மிரண்ட பிரெஞ்சு அரசு, 1895-இல் அவரைக் காபோனுக்கு நாடு கடத்தியது. 1902-இல் திரும்பி வந்தவரை மறு ஆண்டே மொரிட்டானியாவுக்கு அனுப்பியது. அங்கிருந்து மீண்டபோது 1907. அவருடையதாக எஞ்சியிருக்கும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான், 1913-இல் எடுத்தது. வெள்ளை அங்கி, தலையைச் சுற்றிய துணியின் நுனி வாயை மறைக்கிறது, வெயிலில் முகம் பாதி நிழல். ஒரு பாதம் நிழலுக்குள் கரைந்து இல்லாததுபோல் தெரிகிறது. கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்த ஒருவரின் அந்தப் படத்தைத்தான் டக்காரின் சுவர்களும், கடை முகப்புகளும், மஞ்சளும் நீலமும் பூசிய 'கார் ரபீத்' சிற்றுந்துகளும் இன்று சுமக்கின்றன. நிழல் விழுந்த இடம் நிழலாகவே, மறைந்த பாதம் மறைந்தபடியே வரையப்படுகிறது. தன்னை எங்கும் காட்டிக்கொள்ளாத மனிதர் ஊரெங்கும் தெரிகிறார். அடக்கமும் வெளிப்பாடும் ஒன்றுக்கொன்று பகை என்கிறவர்கள் இந்தச் சுவர்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

இசையின் கதை இன்னும் சிக்கலானது. சபார் முரசை ஒரு கையால் தட்டியும் மறு கையில் குச்சி பிடித்து அடித்தும் வாசிப்பார்கள். தவிலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இரட்டைக் குரல் அந்நியமாகப் படாது. அந்த முரசோடு கிதாரும் கீபோர்டும் சேர்ந்ததுதான் ம்பலாஹ் இசை. அதை உலகறியச் செய்த யூசு ந்தூர், 2004-இல் கெய்ரோ இசைக்குழுவோடு சேர்ந்து 'ஈஜிப்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். பாடல்கள் முழுக்கச் செனகலின் சூஃபிப் பெரியார்களைப் பற்றியவை. சொந்த ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. ஆட்டப்பாட்டு பாடுகிறவன் வாயில் அவுலியாக்களின் பெயரா என்று கேட்டார்கள். கடைகளிலிருந்து ஒலிநாடாக்கள் திரும்பி வந்தன. அடுத்த ஆண்டு அதே தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்ததும் ஊர் மாறியது, பாராட்டியது. வெளிநாட்டு விருதைப் பார்த்து மாறிய மனத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வீட்டுக்குள் முணுமுணுத்திருந்தால் அந்த விவாதமே எழுந்திருக்காது. மதுக்கூடத்திலும் பாடுகிறவர் இறைநேசரையும் பாடலாமா என்று ஒரு தேசமே கூடிப் பேசியது, பாட்டு தெருவுக்கு வந்ததால். இசை இதயத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதைத்தான் கிளறுகிறது என்பது சூஃபி அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் நிலை. அப்படியானால் பாட்டுதான் உள்ளே கிடப்பதை வெளிச்சத்துக்கு இழுக்கிறது. கேட்கிறவருக்கும் அது சோதனை.

இனி எதிர்வாதங்கள். இது கலப்படம், உண்மையான இஸ்லாம் அன்று என்பது முதலாவது. "கறுப்பு இஸ்லாம்" என்று தனிப் பெயர் சூட்டி, அசலின் மங்கிய நகலாக இதைப் பார்த்தவர்கள் பிரெஞ்சுக் காலனி அதிகாரிகள். அந்தப் பார்வைக்கு இனியும் நீளமாகப் பதில் எழுதத் தேவையில்லை. பாய் ஃபால் அடியார்கள் பலரைப்போல ஐவேளைத் தொழுகையை விட்டுவிட்டு உழைத்தால் போதுமா என்பது மார்க்க அறிஞர்கள் கேட்பது. அது அவர்கள் வீட்டு வழக்கு. முரீதுகளிலேயே பெரும்பாலோர் தொழுகிறார்கள், நோன்பு வைக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கலாம்.

போலிகளைப் பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. ஒட்டுத்துணியை மாட்டி, முடியைச் சடையாக்கி, சுரைக்குடுவையை நீட்டிச் சுற்றுலாப் பயணிகளிடம் காசு கறக்கிறவர்கள் டக்காரில் உண்டு. அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் 'பாய் ஃபோ'. பிரெஞ்சில் ஃபோ என்றால் போலி. அந்தப் பெயர் பிறந்ததே என் பக்கத்துச் சாட்சி. அங்கிக்கு இன்ன நடத்தை என்று தெரு ஓர் அளவு வைத்திருப்பதால்தான் அதற்குக் குறைந்தவரைப் பெயர் சொல்லிச் சுட்ட முடிகிறது. தமிழில் இந்தக் கேள்வியைப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரைவிட ஆழமாகச் சந்தித்தவர் இல்லை. திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துவந்த பகைவன் முத்தநாதன் குத்திய பிறகும், அந்த வேடத்துக்குத் தீங்கு வராமல் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடச் சொன்னார் அவர். வழியெல்லாம் மக்கள் கொதித்தார்கள். அதற்காகத் திருநீறே வேண்டாம் என்று பெரியபுராணம் முடிவு கட்டவில்லை. கத்தியை ஒளித்தவன் முத்தநாதன், நீறு ஒளிக்கவில்லை.

ஏழை நாட்டில் உடைக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி அடுத்தது. ஹஜ்ஜுப் பெருநாளைச் செனகலில் தபாஸ்கி என்பார்கள். அதற்கு முந்தைய நாள்களில் டக்காரின் தையல் எந்திரங்கள் விடிய விடிய ஓடும். தீபாவளிக்கு முந்தைய இரவு காஜாக்காரர் வீட்டு வாசலில் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சி புரியும். பஸான் என்னும் பருத்தித் துணிக்குச் சாயமிட்டு, கஞ்சி போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மரக்கட்டையால் மாறி மாறி அடித்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். அடிக்கிற சத்தமே ஒரு தாளமாக இருக்கும். பெருநாளுக்குக் கடன் வாங்கி உடுத்துகிறவர்கள் அங்கும் உண்டு, அது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் நன்றாக உடுத்துவது எல்லாம் செருக்கு என்று சொல்ல என்னால் முடியாது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிகள் சொன்னது, எதிரே வருகிறவருக்குக் காட்டும் மரியாதையைப் பற்றியும்தான். வொலோஃபில் 'செட்' என்றால் சுத்தம். 1990-ஐ ஒட்டி டக்கார் இளைஞர்கள் குப்பை மண்டிய தெருக்களைத் தாங்களே கூட்டி, சுவர்களில் ஓவியம் தீட்டிய இயக்கத்துக்கு 'செட் செட்டல்' என்று பெயர். அந்தச் சுவர்களில் பம்பாவும் வந்து நின்றார். தெருவைக் கூட்டியதையும் குருவை வரைந்ததையும் அவர்கள் தனித்தனி வேலையாகப் பிரிக்கவில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. டக்கார் தெருக்களில் தகரக் குவளையோடு கையேந்தும் சிறுவர்கள் இருக்கிறார்கள். ஓதப் படிக்கிறார்கள் என்று சொல்லி ஆசான்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். அன்றைய வசூல் குறைந்தால் அடி வாங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. போவோர் வருவோர் தர்மம் என்று சர்க்கரைக் கட்டியோ காசோ போட்டுவிட்டுப் போகிறார்கள். மார்க்கக் கல்வி என்ற கோலம் இங்கே கேள்வியை அடக்கிவிடுகிறது. வளர்ந்த ஒருவர் தானே தேர்ந்து சுரைக்குடுவை ஏந்துவதும், ஆறு வயதுப் பிள்ளையின் கையில் குவளையைத் திணிப்பதும் ஒன்றாகா. கேள்விக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதே கோலத்தின் மதிப்பு என்றேன். அந்த அளவுகோலில் இந்தக் குவளை நிற்காது. நிற்கும் என்று எந்த வழிமரபைக் காட்டியும் வாதாடக் கூடாது.

நம் ஊர்களிலும் பச்சைத் தலைப்பாகையும் தாயிரா என்னும் கைப்பறையுமாகக் கடைவாசலில் வந்து நின்று நாகூர் ஆண்டவரைப் பாடும் பக்கீர்கள் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் இன்னும் அதிகம் வருவார்கள். பாட்டு தொடங்கியதுமே காசைப் போட்டு அனுப்பிவிடுவதுதான் நம் வழக்கம். அடுத்த முறை வரும்போது பாட்டை முழுதாகக் கேளுங்கள். யாரைப் பாடினீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். காசை அதற்குப் பிறகு போடுங்கள்.