கறுப்புச் சட்டையும் சிவப்பு மணமகளும்

'மணமகள் தேவை' என்று வரும் விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். படித்த பெண் வேண்டும், பண்புள்ள பெண் வேண்டும், பணியிலிருக்கும் பெண் வேண்டும் என்கிறார்கள், கேட்கட்டும். அடுத்து வருகிறது, 'நல்ல சிவந்த நிறம்' என்னும் நிபந்தனை! கேட்பவன் யார்? பெரும்பாலும் வேப்பம்பட்டை நிறத்தவன். அவன் கறுப்பு அவனுக்குக் குறையாவதில்லை. 'ஆண்பிள்ளைக்கு நிறம் எதற்கு' என்று ஊரே கூடி ஆறுதல் சொல்லும். அவளுடைய கறுப்புக்குத்தான் விலை பேசுகிறார்கள். நிறம் குறைந்தால் பவுன் கூட வேண்டும். இது தரகரின் கணக்கு.

நிறவெறி என்றவுடன் நம் நினைவு அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பறக்கிறது. 2020 மே திங்களில், மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் காவலர் ஒருவர் கொன்றபோது நாமும் கொதித்தோம். கொதித்தது சரியே. அந்த அனல் இந்தியக் கடைவீதியையும் தொட்டது. 1975 முதல் விற்கப்பட்டு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு, 2020 ஜூலையில் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, பெண் பார்க்க வருவோரின் பார்வை மாறிற்றா?

திரைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தில், நாயகன் தன் கறுப்பை நீக்கப் படாதபாடு படுகிறான்; அரங்கம் சிரிக்கிறது. எனினும் அவன் நாயகன். கறுப்பாயிருந்தும் காதலி கிடைக்கிறாள். அதே படத்தில் இரு பெண்கள் வருகிறார்கள். முகத்தில் கருமை அப்பப்பட்டு, நகைப்புக்கென்றே நிறுத்தப்பட்ட அவர்களுக்கு வைத்த பெயர்கள் எவை தெரியுமா? அங்கவை, சங்கவை! பாரி மன்னனின் மகளிர்க்குப் பிற்கால மரபு வழங்கும் பெயர்கள்! கறுத்த ஆண் கொண்டாடப்படுவான், கறுத்த பெண் கேலிப்பொருளாவாள் என்னும் இந்நாட்டு நீதியை இதைவிடத் தெளிவாக எவரே காட்ட இயலும்? அரங்கில் கைதட்டிய கைகளில் நம் தோழர்களின் கைகளும் இருந்திருக்கும்.

'காலங்காலமாக இப்படித்தானே' என்பர் சிலர். சங்கப் புலவர்கள் தலைவியை 'மாயோள்' என்று அழைத்தனர். கரிய மேனியள் என்பது பொருள். அவளுடைய மாமை கெட்டு மேனி பசந்தால், பிரிவு நோய் என்று கலங்கினர். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்நாளிலும் அடிமைத்தனங்கள் இருந்தன. 'காலங்காலமாக' என்னும் சொல்லுக்கு விடையாகவே சொல்கிறேன். கருவறையில் நிற்கும் கருங்கல்லுக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டு வந்து, கறுத்த மருமகளைக் கண்டு முகம் சுளிக்கும் பக்தர்களைப் பற்றி என்ன சொல்ல! அவர்களை விடுங்கள்.

அறிவியல் கூறுவது எளியது. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி மிகுந்தால் கறுப்பு, குறைந்தால் வெளுப்பு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் குடை அது. குணத்துக்கும் அறிவுக்கும் அதனோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இனி, நம் இளைஞர்களே எழுப்பும் மறுப்புக்கு வருவோம். 'சாதி பார்க்கவில்லை, சடங்கு பார்க்கவில்லை. நிறம் மட்டும் என் விருப்பம். விருப்பத்திலுமா தலையிடுவீர்?' என்கிறார்கள். கேள்வி நேர்மையானது, தட்டிக்கழிக்கக் கூடாது. விருப்பம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவனுக்கு இனிப்பு, ஒருவனுக்குக் காரம். நிறமும் அத்தகைய விருப்பமாயின், 'கறுத்த பெண்ணே வேண்டும்' என்னும் விளம்பரங்களும் நிறைய வந்திருக்கவேண்டுமே, எங்கே அவை? எல்லா நாவும் ஒரே பண்டத்தைக் கேட்டால், நாவுக்குப் பின்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதன்றோ பொருள்? சொல்லிக்கொடுத்தது எது? வெயிலில் உழைப்பவன் தாழ்ந்தவன், நிழலில் இருப்பவன் உயர்ந்தவன் என்னும் அதே வருணக் கல்விதான். சாதியை வாசலில் நிறுத்திவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, அது தோலின் வழியே உள்ளே வந்து நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறது. அது 'என் விருப்பம்' என்று நம் குரலிலேயே பேசுவதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

1967இல் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கிற்று. புரோகிதர் போனார், புகை போயிற்று. ஆனால் பெண்ணை உட்காரவைத்து வெளிச்சத்தில் பார்க்கும் படலம் போயிற்றா? மணமகன் வீட்டாரின் தாளில் 'நிறம்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அதைப் பேனாவால் அடிக்க எந்தச் சட்டம் வேண்டும்? 'பெண் கொஞ்சம் கறுப்பு' என்று அத்தை முணுமுணுக்கும்போது, 'அதனால் என்ன அத்தை?' என்று கேட்க எந்த மாநாட்டுத் தீர்மானம் வேண்டும்? அந்த நேரத்தில் நம் வீரர் கைப்பேசியை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறார்!

1945இல் பெரியார் கறுப்புச் சட்டைப் படை கண்டார். இம்மக்கள்மீது சுமத்தப்பட்ட இழிவின் குறியாக அந்நிறத்தைத் தேர்ந்தார். இன்று அச்சட்டையணிந்து ஊர்வலம் போகும் தோழர் ஒருவர், கருவுற்ற மனைவிக்குப் பாலில் கலந்து கொடுக்கக் குங்குமப்பூ வாங்கிச் செல்கிறார். எதற்கு என்றால், 'பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம்' என்கிறார். பெண்பிள்ளையாகிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை.